முதலில் தூக்கியது

ஐம்பது வயதில் என் பழைய மோட்டார் சைக்கிளுக்குப் பந்தயக்காரரின் தாழ்ந்த ஹாண்டிலைப் பூட்டி குனிந்து ஓட்டி இடுப்புப் பிடித்துப்போனவன் நான். அதனால்தான் அன்று பருத்தித்துறை பஸ்ஸில் போனேன். எனக்கு முன் இருக்கையில் என் வயதுக் கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

“இஞ்சேரப்பா, மோட்டார் சைக்கிளுக்கு முன்னுக்கு டிஸ்க் பிறேக் பூட்டியாச்சு. ஹாண்டிலையும் உயத்திப் போட்டன். இனி ஏறுவீர்தானே?”

“பிறேக்கிலை எனக்கொரு கோவமும் இல்லை.”

“பிறகேன் கோப்பாயிலை விழுந்த நாள் தொட்டு பஸ், பஸ் எண்டு நிக்கிறீர்?”

“விழுந்தது பரவாயில்லை. எழும்பினவுடனை முதல்லை எதைத் தூக்கினியள்? என்னையோ, சைக்கிளையோ?”

“வரிசையிலை நிண்டு அடிச்ச பெற்றோலப்பா. ஒழுகிக்கொண்டிருந்தது.”

“எனக்கு ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது.”

பஸ் நெல்லியடியைத் தாண்டியது. கணவர் மெல்லக் கேட்டார்.

“முழங்கால் இப்பவும் நோகுதே?”

“மழைக்கு நோகும்.” மனைவி யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். “வெள்ளிக்கிழமை கோயிலுக்கு ஏறுறன். ஆறுதலா, மெல்லமா ஓடுங்கோ.”

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை.

“அந்த மனுசன் எண்டாலும் தன்ரை மனுசியை ஏறச் சொல்லிக் கேட்டிருக்கு” என்றாள்.