ரயில் நிற்காத நிலையங்கள்

மோரிட்ஸ்பிளாட்ஸ்தானே, போகும் தம்பி, போகும். உக்காருங்க. அந்தப் படச் சட்டத்தை என் முழங்கால்ல சாச்சு வச்சுக்கோங்க, ஒண்ணும் ஆகாது. இவரு என் வீட்டுக்காரரு. நீங்க வணக்கம் சொன்னீங்க, அவரு பாக்கவே இல்ல, தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிருவேன்.

நேராப் போகுமான்னா? பெர்லின்ல இந்த எட்டாம் நம்பர் லைன் என்னிக்கு நேராப் போச்சு. மொதல்ல ஒரு கம்பெனிக்காரன் தோண்டினான். முதல் உலகச் சண்டை வந்துச்சு, கையில இருந்த காசு தீந்துச்சு, பாதிச் சுரங்கத்தை அப்படியே போட்டுட்டுப் போயிட்டான். அப்புறம் நகராட்சி தோண்டிச்சு. தோண்டிக்கிட்டே போறப்ப, நீங்க போறீங்கள்ல மோரிட்ஸ்பிளாட்ஸ், அங்க கடை வச்சிருந்த பெரிய பணக்காரரு ஒருத்தரு என் வாசல்ல ரயில் நிக்கணும்னாராம். நின்னுச்சு. சுரங்கமே வளைஞ்சு குனிஞ்சு அவரு வாசலுக்குப் போயிருச்சு. வேற தெருவுல ஏற்கெனவே கட்டி வச்ச நிலையம் இன்னிக்கும் மண்ணுக்கு அடியில இருட்டுல கெடக்கு. அடுத்த சண்டையில கடை போயிருச்சு. வளைவு மட்டும் பாக்கி. அங்க சக்கரம் கிறீச்சுன்னு கத்தும் கேளுங்க. இல்லாத கடைக்கு ரயில் போடுற கும்பிடு அது.

எங்க பேட்டை வடக்குக் கடைசி. பெரிய பெரிய அடுக்குமாடி வீடுங்க இருக்குல்ல, அங்க. ரயில் எங்க வீட்டு வாசலுக்கே வருதுன்னு சொல்லிச் சொல்லி எனக்குத் தலை நரைச்சுப் போச்சு. தேர்தல் வந்தா ரயில் கிளம்பும். ஓட்டு எண்ணி முடிச்சதும் விட்டெனாவ் நிலையத்துலயே நின்னுக்கும். அங்கேருந்து நாங்க பஸ்ஸு. மழையில இவரைக் கையைப் பிடிச்சு பஸ்ஸுல ஏத்தி எறக்கிப் பாருங்க, அப்பத் தெரியும் அந்த வாக்குறுதியோட அருமை.

ஆனா வேடிக்கையெல்லாம் நடுவுலதான். நீங்க சின்னப் பிள்ளை, பெர்லின் சுவர் எல்லாம் பாடப் புத்தகத்துலதான் பாத்திருப்பீங்க. மேல ஊரைக் கிழக்கு மேற்குன்னு பிரிச்சுச் சுவர் வச்சிட்டாங்க, சரி. கீழ ஓடுற ரயிலை என்ன பண்றது? மேற்குல ஏறி, கிழக்குக்கு அடியில புகுந்து, திரும்ப மேற்குல தலையை நீட்டுது. அதனால ரயில் ஓடட்டும், நடுவுல இருக்கிற எந்த நிலையத்துலயும் நிக்கக் கூடாதுன்னுட்டாங்க. சுரங்கத்துக்குக் கிழக்குக்காரங்களுக்கு வாடகை வேற. எங்க காசு ரத்தக் காசுன்னு ரேடியோவுல திட்டுவாங்க, வாடகையை மட்டும் அந்தக் காசுலதான் கேப்பாங்க.

இதோ, இப்ப வருதே ஃபோல்டாஸ்ட்ராஸெ. அப்பெல்லாம் இங்க மைக்குல சொல்லுவான், மேற்கு பெர்லினின் கடைசி நிலையம்னு. இதுக்கப்புறம் உலகமே கெடையாதுங்கிற மாதிரி ஒரு குரல். யாரு கேட்டா? நாங்க பாட்டுக்குப் பேப்பரைப் புரட்டிக்கிட்டு இருப்போம். எனக்கு அந்தப் பக்கம், திரும்ப மேற்குல, கோட்புஸர் டோர்ல சலவைக்கடையில வேலை. தினம் காலையில ரெண்டாவது பெட்டி, ஜன்னல் ஓரம்.

ரயில் மெதுவா ஊரும். பிளாட்பாரத்துல மங்கலா ஒரு விளக்கு. சுவத்துல சோப்பு விளம்பரம், அந்த சோப்பே எப்பவோ நின்னு போச்சு. தூணுக்குப் பின்னாடி துப்பாக்கியோட ஒரு காவக்காரன். யாரும் ஏறாத, யாரும் எறங்காத நிலையத்துக்குக் காவல். நான் நாக்கைத் துருத்திக் காட்டுவேன். ஆளுங்க மாறிக்கிட்டே இருப்பாங்க. ஆனா ரோசந்தாலர் பிளாட்ஸ்ல ஒருத்தன் அடிக்கடி வருவான், காது ரெண்டும் கதவு தொறந்து வச்ச மாதிரி இருக்கும். அவனுக்குன்னு ஒருநாள் ஜன்னல்ல மூக்கை ஒட்டிக்கிட்டு வாழைப்பழத்தை மெதுவா உரிச்சு உரிச்சுத் தின்னு காட்டினேன். அவங்க பக்கம் அது கண்ணுல படாதுல்ல. ஆமா, கொழுப்புதான். வயசு அப்படி.

அப்புறம் சுவர் போச்சு. அடுத்த வருஷம் ஒரு ஆளு கடைக்கு வந்து நீளமான கோட்டு ஒண்ணை மேஜையில வச்சான். பழுப்புப் பச்சை, பட்டனெல்லாம் பிடுங்கியிருந்துச்சு. கறுப்புச் சாயம் ஏத்த முடியுமான்னான். எந்த உடுப்புன்னு பாத்தவுடனே தெரிஞ்சு போச்சு. சுருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டு அனுப்பலாம்னு நிமிந்தா, அந்தக் காது. அவன் என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறான். வாழைப்பழம் நீங்கதானே, அப்படின்னான்.

ஒரு குளிர்காலம் நான் நிமோனியாவுல ஆஸ்பத்திரியில கெடந்தேன். அதுவும் அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அந்த ஜன்னல்ல வேற யாரோ உக்காந்திருந்தாங்க, நீங்க செத்துட்டீங்கன்னு நினைச்சேன், யார்கிட்டக் கேக்குறதுன்னு தெரியலன்னான். சாயம் நல்லா ஏறல. ஆனா எங்கம்மா எவ்வளவு சொல்லியும் கேக்காம நான் அவனைத்தான் கட்டிக்கிட்டேன். கல்யாணத்தன்னிக்கு அம்மா, துப்பாக்கி எங்கேன்னு எல்லார் முன்னாடியும் கேட்டா. வீட்டுல இருக்குன்னு இவரு சொல்லிட்டாரு. அன்னிக்குத்தான் எனக்கு இவரைப் பிடிச்சுது.

ஆமா தம்பி, இவருதான். காதைப் பாத்தாத் தெரியலையா. பேரு ஹார்ட்விக்.

இப்ப பெர்னாவர். அடுத்தது ரோசந்தாலர் பிளாட்ஸ், நாங்க எறங்கணும்.

இவருக்கு ஞாபகம் போயி ரெண்டு வருஷமாச்சு. என் பேரு போச்சு, வீடு போச்சு, டூட்டி மட்டும் போகல. காலையில எழுந்து ஷூவைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, நேரமாச்சுங்கிறாரு. கதவைப் பூட்டிப் பாத்தேன், கதவுக் கண்ணாடியைக் கையாலயே உடைச்சிட்டாரு. டாக்டர் எதுத்துப் பேசாதீங்கன்னாரு. சரின்னு நானே கூட்டிட்டு வரேன். அந்தப் பிளாட்பாரத்துல, ஆரஞ்சு ஓடு பதிச்ச சுவரோரமா விறைப்பா நிப்பாரு. சனங்க சுத்திக்கிட்டுப் போவாங்க. சில பொண்ணுங்க ஃபோட்டோ எடுக்குதுங்க.

நிக்கிறதுல கஷ்டமில்ல. கிளப்புறதுதான் கஷ்டம். நான் கூப்பிட்டா வர மாட்டாரு. அங்க போய் நின்னுட்டா நான் ரயில்ல போற மேற்குப் பொம்பளை, என்கூடப் பேசுறதே குத்தம். ஆரம்பத்துல ஒருநாள் சாயங்காலம் வரைக்கும் நின்னு, அங்கயே கால்சட்டையை நனைச்சுக்கிட்டாரு. அப்பவும் அசையல. கடைசியில பிளாட்பாரம் கூட்டுற அம்மா ஒருத்தங்க வந்து, டூட்டிக்கு மாத்து ஆளு வந்தாச்சுன்னாங்க. உடனே சல்யூட் அடிச்சிட்டு என் பின்னாடி வந்துட்டாரு.

அதான் தம்பி. இவ்வளவு நேரம் உங்களைப் பிடிச்சு வச்சுக்கிட்டு இவ்வளவும் பேசினது. ஒரு அரை மணி நேரம் எங்ககூட நில்லுங்க. நீங்க நல்ல உயரம், கறுப்புக் கோட்டு வேற போட்டிருக்கீங்க. அப்புறம் எதிர்ல போய் நின்னு, மாத்து ஆளு வந்தாச்சு, நீங்க போகலாம்னு சொல்லுங்க. பேரு சொல்ல வேண்டாம், அவரும் கேக்க மாட்டாரு. காவக்காரங்க ரெண்டு பேரு பழகிட்டா சேந்து மேற்குக்கு ஓடிருவாங்கன்னு, அப்பெல்லாம் தினம் முன்னப்பின்னத் தெரியாத ஆளாத்தான் அனுப்புவாங்களாம். நேத்து வந்தவங்களை இன்னிக்குத் திரும்பக் கூட்டிட்டு வந்தா நம்ப மாட்டேங்கிறாரு.

பாருங்க, எழுந்துட்டாரு. சட்டத்தை நான் பிடிச்சுக்கிறேன், வாங்க.