ஆறு நாள் ஓட்டம்

இல்ல, அதை அப்புறம் பாக்கலாம். உங்களை எங்கிட்ட யாரு அனுப்பினா, முதல்ல அதைச் சொல்லுங்க கேப்டன். யாரும் அனுப்பலையா? இத்தனை வருஷத்துல போட் ஓட்டுற ஒருத்தர்கூட இந்த மூணாவது மாடிக்கு ஏறி வந்ததில்ல. நீங்க லிஃப்ட் ரிப்பேரான நாளாப் பாத்து, மூச்சு வாங்க ஏறி வந்திருக்கீங்க. சரி, உக்காருங்க. கதவைச் சாத்திடுங்க. முழுசாச் சாத்தாதீங்க, அதுக்கும் ஒரு கதை கட்டுவான்.

யாரா? அந்தக் கண்ணாடிக்குப் பின்னால உக்காந்திருக்கானே, அவன்தான். நாங்க வலைக்காரன்னு கூப்பிடுவோம். தண்ணியை அப்படியே கம்ப்யூட்டர்ல ஊத்த முடியாதுல்ல, லட்சக்கணக்கான சின்னக் கட்டமா வெட்டணும். அந்த வலை பின்றது அவன் வேலை. உங்க போட்டோட ப்ரொப்பெல்லரை அதுக்குள்ள ஓட்டிப் பாக்குறது என் வேலை. ஒரு வாரமா அவன் பார்வையே சரியில்லைங்க. நான் எந்திரிச்சாப் போதும், என் ஸ்கிரீனை எட்டிப் பாக்குறான். நேத்து வந்து, அண்ணே, அந்த ஆறு நாள் கணக்கை எந்த கம்ப்யூட்டர்ல ஓட்டினீங்கன்னு கேக்குறான். சிரிச்சுக்கிட்டே கேக்குறான். அது என்ன கேள்வி?

போட்டுல நடுக்கமா? எங்க, காலுக்குக் கீழயா? எத்தனை சுத்துல ஆரம்பிச்சுது? நிமிஷத்துக்கு எழுநூறா. அதுக்கு மேல போகலையே? அப்பாடா. இல்ல, சும்மா சொன்னேன். ஏன் அப்படிப் பாக்குறீங்க?

இதுக்கு ரெண்டு விதமாக் கணக்குப் போடலாம். ஒண்ணு, ப்ரொப்பெல்லரை ஒரே நிலையில நிறுத்தி வச்சிட்டு, சுத்தி இருக்கிற தண்ணி சுத்துதுன்னு வச்சுக்கிறது. அரை நாள்ல முடிஞ்சிரும். எவ்வளவு தள்ளும்னு கிட்டத்தட்ட சரியாவே சொல்லும். இன்னொண்ணு, நெசமாவே சுத்த விடுறது. கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் முழுக் கணக்கு. அதுக்குத்தான் ஆறு நாள். எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்னா, போட்டோட அடிப்பாகம் மறைக்கிறதால மேல்பக்கம் தண்ணி மெதுவா வரும். ஒவ்வொரு இறக்கையும் மேல வரும்போது ஒரு அடி வாங்கும். அந்த அடி எந்த வேகத்துல போட்டையே ஆட்டும்னு இதுலதான் தெரியும்.

நாளைக்கா முழு வேக ஓட்டம்? தொள்ளாயிரம் வரைக்கும் போவீங்களா? முதலாளி வீட்டு ஆளுங்க வேறயா... குழந்தைகளோடயா?

எங்க வீட்டுக்காரி கேக்குறா, யாரையும் சந்தேகப்படாத மனுஷனுக்கு இப்ப என்ன வந்துச்சுன்னு. எனக்கும் அதான் புரியல. டீ கொண்டு வர்ற அம்மாவைக்கூட ஒரு மாதிரி பாக்குறேன்.

அந்த ஆறு நாள் கணக்கோட படமா? போடுறேன். கூட்டத்துல இதைப் போட்டப்ப எல்லாரும் கை தட்டினாங்க. சிவப்புன்னா அழுத்தம் ஜாஸ்தி, நீலம்னா கம்மி. ஒரு இறக்கையை மட்டும் பாருங்க. மேல வருது. கீழ போகுது. மறுபடி மேல. ஏதாவது மாறுதா? நல்லா உத்துப் பாருங்க.

மாறலைல்ல? மேல வரும்போது நிறம் மாறணும் கேப்டன். அன்னிக்குக் கை தட்டாதவன் வலைக்காரன் ஒருத்தன்தான். இதையேதான் பாத்துக்கிட்டிருந்தான்.

அது ஒரே ஒரு படம்ங்க. அரை நாள் கணக்கு. படத்தைத்தான் சுத்த விட்டிருக்கேன். அந்த ஆறு நாளும் கம்ப்யூட்டரை வேற வேலைக்குக் கேட்டாங்க, கொடுத்துட்டேன். முப்பது வருஷமாப் பாக்குறோம், என்ன வரப்போகுதுன்னு நமக்குத் தெரியாதான்னு ஒரு திமிர். ஆறு நாள் ஓட்டினேன்னு ரிப்போர்ட்டுல கையெழுத்தும் போட்டாச்சு.

பேனா இருக்கா? நாளைக்குப் போட்டை எடுக்கக் கூடாதுன்னு எழுதித் தரேன். வலைக்காரனையும் உள்ள வரச் சொல்லுங்க, அவனும் பாத்துக் கையெழுத்துப் போடட்டும். என் கையெழுத்தை மட்டும் நம்பி எடுத்துட்டுப் போகாதீங்க.