ஏரி தாங்கும் என்றேன்

எனக்குச் சரியான அளவில் காலணி கிடைப்பது எப்போதுமே கஷ்டம், தம்பி. பாதம் அகலம், விரல்கள் குட்டை. கடைக்காரன் எதை எடுத்துக் கொடுத்தாலும் கடிக்கும். அதனால் குளிர்காலத்தில்கூட மெல்லிய தோல் காலணிதான் போட்டுக்கொள்வேன். ஊர்ப் பெண்கள் எல்லாரும் கம்பளிக் காலணியில் கரடி மாதிரி நடக்கும்போது நான் மட்டும் பூனை மாதிரி நடப்பேன். நீங்கள் எழுதிக்கொள்வதாக இருந்தால் இதிலிருந்தே ஆரம்பிக்கலாம். நான் சொல்ல வந்ததெல்லாம் இந்தப் பாதங்களைப் பற்றித்தான்.

எங்கள் ஊர் கோக்ஜாரிலிருந்து ஏரிக்கு அக்கரையிலுள்ள அக்சாய்க்கு மலையைச் சுற்றிப் போனால் அரை நாள் ஆகும். ஏரி உறைந்துவிட்டால் அதன் மேலேயே வண்டி ஓட்டலாம், ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் எங்கள் ஏரிக்கு அடியில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. அவை ஓரிடத்தில் நிற்காது. நேற்று தாங்கிய இடம் இன்று தாங்காது. அதனால் விடிந்ததும் நான் போய் நடந்து பார்ப்பேன். தாங்கும் இடத்தில் பாதம் சும்மா இருக்கும். தாங்காத இடத்தில் உள்ளங்காலில் ஒரு குளிர்ச்சி, பனியின் குளிர்ச்சி இல்லை, வேறு ஒன்று, சத்தம் போடாமல் ஏறும். படபடப்பு கிடையாது. வியர்வை கிடையாது. அது ஒருநாளும் தப்பியதில்லை.

என் கணவர் அசன்குல் அந்தப் பனியின் மேல்தான் வேன் ஓட்டினார். ஆட்களை ஏற்றுவார், வைக்கோல் ஏற்றுவார், யாருக்காவது பிரசவ வலி என்றால் அதற்கும் அவர்தான். கிளம்புமுன் நான் நீட்டுகிற ரொட்டியில் ஒரு கடி கடிப்பார். மீதியை எடுத்து வைக்க வேண்டும். ஏரியைக் கடந்து போகிறவன் திரும்பி வந்துதான் அதைத் தின்று முடிக்க வேண்டும், எங்கள் பக்கத்து வழக்கம் அது. என் கால் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு, வண்டிக் கதவை இரண்டு தட்டுத் தட்டுவார். நான் தாங்கும் என்று சொன்னால்தான் சாவியைத் திருப்புவார். பிரேக்கை நம்பாதவன் பொண்டாட்டி காலை நம்புகிறான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவருக்கு அதில் பெருமைதான்.

நான் சந்தேகப்படுகிறவள் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். மறுக்கவில்லை. கல்யாணமான புதிதில் எனக்கு உடம்பு முடியாமல் இருந்தபோது, என் தங்கை குல்பரா உதவிக்கு வந்தாள். அடுப்படியில் அவளும் அவரும் எதற்கோ சிரித்தார்கள். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் பையைத் தூக்கி வாசலில் வீசினேன். அவள் தலைநகருக்குப் போனவள்தான், இன்றுவரை என் வீட்டுப் படி ஏறவில்லை. இன்னொரு தடவை, இறந்துபோன வாத்தியாரின் மனைவியை நினைத்து ஒரு வசந்தகாலம் முழுக்க அவரைக் கேள்வியாலேயே தின்று தீர்த்தேன். இரண்டும் தப்பு. இரண்டும் வெறும் பயம். என் நாத்தனார் தமிரா முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

"அண்ணன் வண்டிக்கு டயர் தேடிப் போனாலும் பொம்பளை தேடிப் போறாருன்னு உனக்குத் தோணுது. பயத்தை வளர்க்கிற நேரத்துல ரெண்டு ஆட்டை வளர்த்திருந்தா பாலாவது கிடைச்சிருக்கும், அண்ணி."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்குப் பிறகு நான் என்னைப் பழக்கிக்கொண்டேன். பயம் நெஞ்சில் உட்காரும். நிறையப் பேசும். எங்கே போனார், ஏன் தாமதம் என்று கேள்வியாகக் கேட்கும். உண்மையான உள்ளுணர்வு அப்படியில்லை. அது கேள்வி கேட்காது, வந்து நிற்கும், அவ்வளவுதான். எனக்கு அது பாதத்தில் வரும். நெஞ்சு என்ன சொன்னாலும் கேட்கக்கூடாது, பாதம் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பல வருடம் அப்படியே இருந்தேன். நல்ல மனைவியாக இருந்தேன் என்றே நினைக்கிறேன்.

போன வருடம் புல் அறுப்பு முடிந்த சமயத்தில் அவர் மாறினார். போன் வந்தால் மாட்டுத் தொழுவத்துக்குப் போய்ப் பேசுவார். திரும்பி வந்து, நோய்ப்பட்ட பசுவைப் பார்ப்பதுபோல என்னைப் பார்ப்பார். என் தேநீரில் கேட்காமலே கூடுதலாக வெண்ணெய் போடுவார். அக்சாய் சுகாதார நிலையத்துக்குப் புதிதாக நுர்சாத் என்றொரு நர்ஸ் வந்திருந்தாள். கல்யாணம் ஆகாதவள். அவள் வாசலில் அசன்குலின் வேன் அடிக்கடி நிற்கிறது என்று யாரோ சந்தையில் பேச்சுவாக்கில் சொன்னார்கள். நெஞ்சு அடிக்கும் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அப்போது தரையிலிருந்து அந்தக் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறியது. எனக்கு அழுகைகூட வரவில்லை. இவ்வளவு அமைதியாக வருவது பயமாக இருக்க முடியாது, தம்பி.

அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. குளிர்காலம் முழுவதும் எப்போதும்போல ஏரியில் நடந்தேன், எப்போதும்போல உள்ளதைச் சொன்னேன். பனி சாம்பல் நிறத்துக்குத் திரும்பும் பருவத்தில் ஒரு காலையில் நாணல் திட்டுக்குப் பக்கத்தில் குளிர்ச்சி கணுக்கால்வரை வந்தது. திரும்பி வந்தேன். அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சாய்கல், காலு என்ன சொல்லுது?"

"தாங்கும்."

"நாணல் பக்கம் போய்ப் பாத்தியா?"

"பாத்தேன். அங்கயும் தாங்கும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரியாத் தூங்கலையா நீ? கண்ணு ரெண்டும் உள்ள போயிருக்கு."

"தூங்கினேன். போயிட்டு வாங்க. உங்க வழி வெள்ளையா இருக்கட்டும்." வழியனுப்பும்போது எங்கள் பக்கத்தில் அப்படித்தான் வாழ்த்துவோம்.

ரொட்டியைக் கடித்தார். மென்றுகொண்டே, "சாயங்காலம் ஒரு விருந்தாளி வரலாம். கறி வச்ச மந்திக் கொழுக்கட்டை கொஞ்சம் கூடவே அவிச்சு வை" என்றார். சொல்லும்போது தப்பு செய்த பையன்போல ஒரு சிரிப்பு. கதவில் இரண்டு தட்டு. கிளம்பிவிட்டார்.

ஏரி தாங்கியது. ஜன்னலில் நின்று பார்த்தேன். வேன் புள்ளியாகி அக்கரை ஏறியது. அப்படியென்றால் உன் பாதம் பொய்தானே என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. காலைக் குளிரில் பனி இறுகியிருக்கும். வெயில் ஏறினால்தான் இளகும். அது எனக்குத் தெரியும். எனக்கு நேரமும் இருந்தது. மலை வழியாக வாருங்கள் என்று ஒரு போன் செய்தால் போதும். எங்கள் வீட்டில் ஜன்னல் மேடையில்தான் சிக்னல் கிடைக்கும், போன் அங்கேதான் இருக்கும். பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன். சார்ஜ் இருந்தது. மாவு பட்டுவிடும் என்று கொஞ்சம் தள்ளி வைத்தேன். பிறகு கறியைக் கொத்தி, மடித்து, அடுக்கி, ஆவியில் வைத்தேன். விருந்தாளிக்கும் சேர்த்துத்தான் செய்தேன்.

மத்தியானம் சாய்ந்ததும் புள்ளி திரும்பியது. அவருடைய வேட்டைத் தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தேன். முன்னிருக்கையில் இரண்டு தலை, ஒன்று நுர்சாத். அவள் மடியில் எதையோ அணைத்துப் பிடித்திருந்தாள். நான் நினைத்தது சரி என்று தெரிந்தபோது மனதுக்குள் ஒரு நிம்மதி வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. நாணல் திட்டுக்கு வந்ததும் வேன் முன்பக்கம் தாழ்ந்தது, தண்ணீர் குடிக்கக் குனிகிற மாடு மாதிரி. பிறகு அங்கே வேன் இல்லை. எல்லாரோடும் நானும் ஓடினேன். கயிறு கொண்டுபோனதே நான்தான். நுர்சாத் முந்தின வாரம்தான் ஒரு பிரசவம் பார்த்தாளாம். ஊரே அழுதது. நானும் அழுதேன், அது நடிப்பில்லை. என் பாதமும் ஒரு தடவை தப்பும் என்று எல்லாரும் என்னைத் தேற்றினார்கள்.

நாற்பதாம் நாள் துக்கச் சாப்பாட்டுக்கு நுர்சாத்தின் தம்பி வந்திருந்தான். என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னான்.

"எங்க அக்கா உங்களைப் பாக்கத்தான் வந்துட்டிருந்தா, அம்மா. உங்களுக்குத் தூக்கமில்ல, எதை நினைச்சோ பயந்து பயந்து உருகுறீங்கன்னு உங்க வீட்டுக்காரர் மாசக்கணக்கா வந்து சொல்லிட்டிருந்தாரு. மருந்துன்னா நீங்க ஒத்துக்க மாட்டீங்களாம். விருந்தாளி மாதிரி வந்து பேசுன்னு கெஞ்சினாரு. மடியில வச்சிருந்தது மருந்துப் பைதான்."

அவனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு மருந்துக்காக ஒரு ஆண்பிள்ளை அத்தனை தடவை போவானா என்று யோசித்தேன். இன்றைக்கும் யோசிக்கிறேன்.

இந்த வருடம் ஏரி மறுபடி உறைந்தது. ஆட்கள் வந்து கூப்பிட்டார்கள். போய்க் காலை வைத்தேன். குளிர்ச்சி வரவில்லை. அதற்குப் பதிலாக உள்ளங்காலுக்கு நேர் கீழே இரண்டு தட்டு. நகர்ந்து நின்றேன். அங்கேயும் இரண்டு தட்டு. இப்போது வீட்டுக்குள்ளும் கேட்கிறது, கம்பளத்தின் மேல் நின்றால்கூட. அவர் கடித்த ரொட்டி துணிப்பையில் சுவரில் தொங்குகிறது. கல்லாகிவிட்டது, பல் பதிந்த இடம் அப்படியே இருக்கிறது. வந்து தின்று முடிக்க ஆளில்லை, தூக்கிப் போடவும் கூடாது. எல்லாரையும் மலை வழியாகப் போங்கள் என்று சொல்லிவிட்டு, நானும் அந்த வழியாகத்தான் பஸ்ஸில் இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். தாங்காது என்று தெரிந்தே தாங்கும் என்றேன். தடுக்க நேரம் இருந்தது, தடுக்கவில்லை. இரண்டு பேரையும் கொன்றது நான்தான். சந்தேகத்தில் செய்யவில்லை, பயத்தில் செய்யவில்லை. உறுதியாகத் தெரிந்து செய்தேன்.

அவ்வளவு உறுதியாகத் தெரிந்தவள் அவரிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டிருக்கலாம். அசன்குலுக்குப் பொய் சொல்ல வராது, தம்பி. கேட்டிருந்தால் உள்ளதைச் சொல்லியிருப்பார். அதற்குத்தான் பயந்தேன்.