துணி மூடிய எக்காளம்

அக்கா: உருவத்து மேல போட்ட துணியை எடுடா. எழுத்து மட்டும் தெரிஞ்சாப் போதுமா?

தம்பி: எடுக்கறேன்க்கா. நீ கொஞ்சம் ஏணியை விட்டுத் தள்ளி நில்லு.

அக்கா: அரை மணி நேரமா இதையேதான் சொல்றே. மணி இப்ப அஞ்சரை. ஆறுக்கு உன் மாமா வந்து நிப்பாரு. ஏழுக்கு கிளப் கதவைத் திறக்கணும்.

தம்பி: நியான் கண்ணாடிக் குழாய்க்கா இது. உள்ள இருக்கற வாயு சூடேறி நிலைக்கணும். அவசரப்பட்டா வெளிச்சம் துடிக்கும்.

அக்கா: இப்ப துடிக்கறது என் நெஞ்சுதான்... அந்த ‘ஜாஸ்’ல ‘ஜா’வோட கால் சாஞ்சிருக்கோ?

தம்பி: அது நேராத்தான் நிக்குது. நீதான் சாஞ்சு நிக்கறே.

பெயின்டர்: அம்மா, தூணுக்கு ரெண்டாவது பூச்சு அடிக்கவா?

அக்கா: அடிங்கண்ணே. அதே கறுப்பு. துளி வெள்ளை தெரியக் கூடாது. சுவர் இருக்கறதே தெரியாம இருட்டிப் போனாத்தான் வெளிச்சம் அந்தரத்துல நிக்கும்.

பெயின்டர்: இத்தனை வருஷமா ஊர் வாசலுக்கெல்லாம் வெள்ளையடிச்சேன். வாசலை இருட்டாக்குன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதாம்மா.

தம்பி: ஏன்க்கா இவ்வளவு பதட்டம்? ஒரு விளக்குப் பலகைதானே.

அக்கா: பலகையா? எட்டு மாசமா வாசப்படி தாண்டாத மனுஷன்டா என் வீட்டுக்காரரு. உடம்புக்கு வந்ததிலேருந்து டிரம்பெட் பெட்டியைத் தொடலை. நேத்து அவரா வாயைத் திறந்து, ‘விளக்குப் போடறப்ப நானும் வரட்டுமா’ன்னு கேட்டாரு. அவர் உருவத்தையே விளக்கா வச்சிருக்கோம். அதைப் பாத்து மனசு சுண்டிப் போச்சுன்னு வை... வந்த காலோட திரும்பிடுவாரு. அப்புறம் யார் அழைச்சும் வர மாட்டாரு.

தம்பி: அவருக்குப் பிடிக்கும்க்கா.

அக்கா: நீ சொன்னது எது நேரத்துக்கு நடந்திருக்கு? உன் கல்யாணத்துக்கே கடைசியா வந்து சேர்ந்த ஆள் நீதான்.

தம்பி: சாகற வரைக்கும் அதை விட மாட்டே நீ... ஆமா, இன்னைக்கு மாமா வாசிப்பாரா?

அக்கா: இல்லை. தொண்டை இன்னும் சரியாகலை. ஊதக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. வேற ஒருத்தருக்குச் சொல்லி வச்சிருக்கேன். இவரு வாசல்ல நின்னு வர்றவங்களை வரவேற்றாப் போதும்.

தம்பி: தொண்டையா? போன தடவை நெஞ்சுச் சளின்னே.

அக்கா: சளியும் தொண்டையும் பக்கத்துப் பக்கத்து வீடுதானே! இப்ப என்ன குறுக்கு விசாரணை? துணியை எடு.

தம்பி: இன்னும் கொஞ்ச நேரம்... அவரே வந்து பாக்கட்டும். அவர் முன்னாடி எடுத்தா நல்லாயிருக்கும்ல?

அக்கா: என் கண்ணுக்குத் தெரியாம என் வாசல்ல எதுவும் எரியக் கூடாது.

பெயின்டர்: அம்மா... ஒண்ணு கேக்கலாமா? ஏணி மேலேருந்து பாத்தா துணிக்குள்ள தெரியுது. நம்ம ஐயா நொட்டாங்கைக்காரரா?

அக்கா: யாரு?

தம்பி: அண்ணே, தூணைப் பாருங்க.

பெயின்டர்: இல்லீங்க, காலையில உள்ள ஐயாவோட போட்டோ மாட்டினேன். அதுல வலது கையாலதான் பித்தானை அமுக்கறாரு. இந்த விளக்குல இடது கை அமுக்குதே...

அக்கா: தம்பி.

தம்பி: அவரு சும்மா சொல்றாருக்கா.

அக்கா: துணியை எடு.

தம்பி: அக்கா, நான் சொல்றதைக் கொஞ்சம்...

அக்கா: நீ எடுக்கறியா, நான் ஏறட்டுமா?

தம்பி: அந்தச் செருப்போட ஏறாதே! எடுக்கறேன்... இரு... இந்தா.

அக்கா: ஆளே திரும்பி நிக்கறாரு.

தம்பி: ம்.

அக்கா: டிரம்பெட் வாய் நம்ம கதவைப் பாக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! தெருவுல போறவன் கண்ணைப் பிடிச்சு உள்ள இழுக்கணும்னுதானே அந்த உருவத்தையே அங்க வச்சோம்? இப்ப மருந்துக் கடையைப் பாத்து ஊதறாரு.

பெயின்டர்: மருந்துக் கடைக்காரருக்கு நல்ல நேரம்.

தம்பி: அண்ணே!

அக்கா: எப்படிடா நடந்துச்சு?

தம்பி: வேலையே அப்படிக்கா. குழாயைப் பின்பக்கத்திலேருந்து பாத்துத்தான் வளைப்போம். வரைபடத்தை மேசை மேல குப்புறப் போட்டு, தாளுக்குப் பின்னாடி தெரியற கோட்டு மேலயே கண்ணாடியைச் சூடாக்கி வச்சு வளைப்போம். அப்பத்தான் முன்பக்கம் மட்டமா வரும். தாளைக் குப்புறப் போட மறந்தா... இப்படி இடம் வலம் மாறிடும்.

அக்கா: எழுத்து மட்டும் எப்படி நேரா வந்துச்சு?

தம்பி: அது வேற தாள்.

அக்கா: பதினஞ்சு வருஷமா வளைக்கறே. ஒரு தடவையாவது மறந்திருக்கியா?

தம்பி: யானைக்கும் அடி சறுக்கும்.

அக்கா: சறுக்கின யானை துணியைப் போட்டு மூடிக்கிட்டா நிக்கும்?

தம்பி: அந்த எதிர்க்கடைக் கண்ணாடியில பாரேன். அதுல சரியாத்தான் தெரியறாரு.

அக்கா: வர்றவங்களையெல்லாம் நம்ம கிளப்புக்கு முதுகைக் காட்டி நில்லுங்கன்னு சொல்லவா? விளையாடற நேரமாடா இது? உருவத்தை அணைச்சிடு. எழுத்து மட்டும் எரியட்டும்.

தம்பி: ரெண்டுக்கும் ஒரே தொடுப்பு. ஒண்ணை எடுத்தா எல்லாம் அணையும்.

அக்கா: அந்தக் கையை மட்டும் கழட்டு.

தம்பி: தோள்லேருந்து டிரம்பெட் நுனி வரைக்கும் ஒரே குழாய். கழட்டினா தொப்பியும் காலும்தான் மிஞ்சும்.

பெயின்டர்: குழாய் மேலயே கறுப்பைப் பூசிடவாம்மா? கையில இருக்கற டப்பாதான்...

அக்கா: பூசுங்க!

தம்பி: பிரஷ்ஷைக் கீழ வைங்கண்ணே.

அக்கா: நீங்க பூசுங்க. முழங்கைக்குக் கீழ மட்டும்...

தம்பி: பூசினா கையில்லாத ஆளாத் தெரிவாருக்கா. அது பரவாயில்லையா உனக்கு?

அக்கா: வைங்கண்ணே பிரஷ்ஷை.

பெயின்டர்: நான்... பின்பக்கச் சுவரைப் பாத்துட்டு வந்துடறேன்மா.

அக்கா: மணி என்ன?

தம்பி: ஆறுக்குப் பத்து.

அக்கா: போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லிடறேன்.

தம்பி: கிளம்பியிருப்பாரு.

அக்கா: எடுக்க மாட்டேங்கறாரே... நீ ஓடு. தெருமுனையில நின்னு தடுத்துடு. விளக்கு எரியலை, பழுதாயிடுச்சுன்னு சொல்லு.

தம்பி: எதுக்குக்கா? மச்சான் சொதப்பிட்டான்னு நாலு திட்டு திட்டுவாரு. நான் வாங்காத திட்டா?

அக்கா: உனக்கு ஒண்ணும் தெரியாது.

தம்பி: தெரியாததைச் சொல்லு.

அக்கா: இப்ப வேண்டாம்டா.

தம்பி: சொல்லுக்கா.

அக்கா: அவர் தொண்டைக்கு ஒண்ணுமில்லை.

தம்பி: ம்.

அக்கா: சளியும் இல்லை. ஒரு நாள் காலையில எழுந்து சட்டைப் பட்டனைப் போடப் போனாரு... வலது கை எழும்பலை. மூளைக்குப் போற ரத்தம் அடைச்சிருக்குன்னாங்க. தெய்வம் பாதிதான் கண்ணைத் திறந்துச்சு. நடை வந்துச்சு, பேச்சு வந்துச்சு... விரல் வரலை. டிரம்பெட் பித்தானை அமுக்கற மூணே விரல்டா. அந்த மூணு விரலுக்குள்ளதான் அவர் உயிரே இருந்துச்சு.

தம்பி: என்கிட்ட ஏன்க்கா சொல்லலை?

அக்கா: யாருக்கும் சொல்லலை. அவரைப் பாத்து ‘ஐயோ பாவம்’னு ஒருத்தர் சொல்லிடக் கூடாதுன்னு நான்தான் முடிவு பண்ணேன். அவரு ஒண்ணும் சொல்லலை, தலையை மட்டும் ஆட்டினாரு. எட்டு மாசமா முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுக்கிட்டிருக்கேன். இப்பப் பாரு... ஆள் உயரத்துக்கு, ரத்தச் சிவப்புல, ‘இவருக்கு வலது கை இல்லை’ன்னு நானே தெருவுக்குச் சொல்ற மாதிரி... என் வாசல்லயே அவரைக் கேலி பண்ற மாதிரி... வேண்டாம்டா. அணைச்சிடு. இருட்டாவே திறந்துக்கறேன்.

தம்பி: அக்கா... அதோ முனை திரும்பிட்டாரு.

அக்கா: கடவுளே! அணைடா! கையில என்னடா அது... பெட்டியா? அதை எதுக்கு எடுத்துக்கிட்டு வர்றாரு?

தம்பி: நான் எதையும் மறக்கலைக்கா. மூணு மாசமா, நீ இங்க சுவர் வேலை பாக்க வந்த மத்தியானமெல்லாம் மாமா என் பட்டறையிலதான் இருந்தாரு. கண்ணாடியை இளக்கற பர்னர் போடற இரைச்சல்ல வெளிய கேக்காதுன்னு, இடது கையால ஒவ்வொரு சுரமா முதல்லேருந்து பழகினாரு... நான் குப்புறப் போட்ட தாளை மல்லாக்கத் திருப்பிப் போட்டது அவருதான். ‘உங்க அக்காகிட்ட சொல்லாதே, பயந்தே தடுத்துடுவா’ன்னாரு... ஏழு மணிக்கு நீ சொல்லி வச்ச ஆள் வர மாட்டாருக்கா. வர வேண்டாம்னு மாமாவே சொல்லிட்டாரு.