கொசுவின் இடது தாடை

…அவனுக்கு என்ன தெரியும்ங்கறேன்! அசையாதீங்க சார், மாவு இறுகணும். மூக்கால மூச்சு விடுங்க. ஆங், அப்படித்தான். மூணே நிமிஷம். முன்பல்லு ரெண்டும் போன இடத்துல புதுசு கட்டணும்னா அச்சு சுத்தமா வரணும். இல்லைன்னா நாளைக்கு நீங்க 'சரி'ன்னு சொன்னா விசில் சத்தம் வரும்.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், என் மச்சினன். என் பொண்டாட்டியோட தம்பி. கீழ கண்ணாடிக் கடை வெச்சிருக்கான் பாருங்க, அவனேதான். ஊர்ல இருக்கற அத்தனை பேருக்கும் கண்ணு டெஸ்ட் பண்றான். ரிங்குக்குள்ள நடக்கறது மட்டும் அவன் கண்ணுக்குத் தெரியாது! என்ன சொல்றான் தெரியுமா? நம்ம கொசு, ரெண்டு எடைப் பிரிவு தாண்டி, நேராப் போய் பீரோவோட மோதணுமாம். பீரோவோட!

புருவத்தைத் தூக்கறீங்க. குத்துச்சண்டை பாக்கற பழக்கம் இல்லியா? அட, என்ன சார் நீங்க. சரி விடுங்க, நான் சொல்றேன். உங்களுக்கும் பொழுது போகணும்ல.

கொசுங்கறது நம்ம சாம்பியன். அறுபத்தொரு கிலோ. இருபத்திநாலு பைட், ஒண்ணுல கூடத் தோக்கலை. எதிராளி காதுகிட்ட ஒரு குத்து, அவன் கையை ஓங்கறதுக்குள்ள ஆள் அந்தப் பக்கம் போயாச்சு. அதான் அந்தப் பேரு. பீரோ எழுபத்திரண்டு கிலோ சாம்பியன். நிஜமாவே பீரோதான் சார். நகரவே மாட்டான். மத்தவன்தான் போய் இடிச்சுக்கிட்டு விழணும். அதுவும் எழுபத்திரண்டுங்கறது தராசுல ஏறி நிக்கற அன்னிக்கு மட்டும். பட்டினி கிடந்து, போர்வையைப் போத்திக்கிட்டு வேர்த்து, எச்சிலைக் கூடத் துப்பிட்டு வந்து நிப்பான். மறுநாள் ரிங்குல ஏறும்போது தின்னு குடிச்சு எண்பது கிலோ! இந்தப் பக்கம் நம்ம ஆளு, ஈரத் துண்டோட நின்னாக்கூட அறுபத்தஞ்சைத் தாண்ட மாட்டான்.

நான் என்ன கேக்கறேன்? நியாயத்தைத்தானே கேக்கறேன்? மொதல்ல நம்ம எடையிலயே அந்தத் தையல்காரன் இருக்கான். எதிராளி புருவம் கிழிஞ்சு தையல் போடாம அவன் பைட் முடிஞ்சதே இல்ல. அவனை முடி. அப்புறம் மெதுவா உடம்பை ஏத்திக்கிட்டு அறுபத்தாறுக்குப் போ. அங்க வாத்தியார் இருக்கார். வயசாயிடுச்சு, குத்துல பலம் இல்ல, பத்து ரவுண்டும் எதிராளியைத் திட்டிக்கிட்டே பாயிண்ட் சேப்பார். அவரையும் முடி. அப்புறம் பீரோவைப் பத்தி யோசி. படிப்படியாப் போடா! மாடிக்குப் போகணும்னா ஜன்னல் வழியாவா குதிப்பாங்க?

ஏம்மா? என்னது? காத்துக்கிட்டிருக்காரா? இருக்கட்டும் இருக்கட்டும், கையில வேலை இருக்குன்னு சொல்லு. கதவைச் சாத்திட்டுப் போ.

சரி, எடுக்கறேன். ஆ… காட்டுங்க. துப்புங்க. ம்… ஒரு சின்னக் குமிழி விழுந்திருக்கு சார் இந்த ஓரத்துல. வேண்டாம், பேசாதீங்க, பேசினா ஈறு நகந்துடும். இன்னொரு தடவை எடுத்துடலாம். அகலமா… அவ்வளவுதான். கடிங்க.

மச்சினன் ஒத்துக்கிட்டானா? 'எடையெல்லாம் தராசுக்குத்தான் மாமா, குத்துக்கு இல்ல'ங்கறான். ஐம்பத்தெட்டு கிலோ எலும்புக்கூடு, என்கிட்ட வந்து! நான் தொண்ணூத்திரண்டு. 'வாடா, நம்ம ரெண்டு பேரும் இருக்கோமே, இங்கயே பாத்துடுவோம், குத்துடா என் வயித்துல'ன்னேன். கடைக்கு நடுவுல நின்னு, ரெண்டடி பின்னால போய், ஓடி வந்து குத்தினான் சார். எனக்கு ஏப்பம் வந்துச்சு. அவனுக்கு மணிக்கட்டு சுளுக்கிக்கிச்சு! ரெண்டு வாரம் இடது கையால கண்ணாடி மாட்டிவிட்டான். இந்தத் தெருவுல பாதிப் பேர் இன்னும் தலையைச் சாய்ச்சுக்கிட்டுத்தான் நடக்கறாங்க. அப்பவும் 'நான் சரியா நிக்கலை மாமா'ங்கறானே தவிர, ஒத்துக்கலை.

அங்கதான் எனக்கு வீம்பு ஏறிடுச்சு. பீரோ ரெண்டு வருஷமா மாட்டேன்னுட்டுத்தான் இருந்தான், அதையும் கேளுங்க. அவன் கணக்கு சரி. சின்ன ஆளை அடிச்சா என்ன பெருமை? அடி வாங்கினா மானம் போச்சு. அந்தத் தைரியத்துல நான் சொன்னேன், 'பீரோ மட்டும் இந்தப் பைட்டுக்கு ஒத்துக்கிட்டான்னா என் மீசையை எடுத்துடறேன்டா.' கடைல நாலு பேர் இருந்தாங்க. எல்லாரும் கேட்டாங்க.

இருங்க, முகமூடியைக் கழட்டறேன். பாத்துக்கங்க. பாத்தாச்சா? சிரிக்காதீங்க சார், அச்சு கோணிடும்! இருபத்திரண்டு வருஷ மீசை. கல்யாண போட்டோல என்னை விட அதுதான் நல்லா விழுந்திருக்கும். இப்ப மேலுதடு மொட்டையா, குளிர் அடிக்குது. என் பொண்டாட்டி பாத்துட்டு என்ன சொன்னாங்கறீங்க? 'மீசை இல்லாம பாத்தா அச்சு அசல் என் தம்பி மாதிரியே இருக்கீங்க'ங்கறா! வயித்தெரிச்சல்ல ரெண்டு நாள் நான் சரியா சாப்பிடலை.

ஆமா, ஒத்துக்கிட்டான். பீரோ ஒத்துக்கிட்டான். இன்னும் மூணு வாரத்துல பைட்.

என்னம்மா, மறுபடியும்? நேரம் ஆகும்னு சொல்லு. முடியலைன்னா நாளைக்கு… என்ன? இன்னிக்கே பாத்துட்டுத்தான் போவாராமா? சரி. சரி, உக்காரட்டும்.

காட்டுங்க சார். அடடா. இந்தத் தடவை அந்தப் பக்க ஓரம்… என்னன்னு தெரியலை, மாவே சரியில்ல போல. ஒரே ஒரு தடவை. கடைசி. கடிங்க.

சார், உங்களை ஒண்ணு கேக்கணும். நீங்க என்ன வேலை பாக்கறீங்க? சொல்ல முடியாதுல்ல. இருங்க, கார்டுல இருக்கும். வயசு நாப்பத்தெட்டு, சர்க்கரை இல்ல, வேலை… நூலகர். அப்பாடா! பேசாம இருக்கறதே உங்க தொழில். வயித்துல பாலை வார்த்தீங்க. ஏன்னா அன்னிக்கும் ஒருத்தன் உங்களை மாதிரியே பேசாமத்தான் உக்காந்திருந்தான்.

கேளுங்க. மீசையோட நிறுத்தியிருந்தா நான் மனுஷன். நிறுத்தலை. மச்சினன் விடாம, 'பீரோ குத்தினா என்ன, கொசு தாங்குவான் மாமா, அவன் தாடை இரும்பு'ன்னான். அந்த வார்த்தை எனக்கு எப்படிச் சுட்டிருக்கும்? கொசுவோட தாடையைப் பத்தி என்கிட்டயே சொல்றான்! அஞ்சு வருஷமா அந்த வாய்க்குள்ள என் கை போயிட்டு வருது. பைட்டுக்குப் போடற பல் கவசம் நான் செஞ்சு குடுக்கறதுதான். உலகத்துல அந்த எக்ஸ்ரேவைப் பாத்தவன் நான் ஒருத்தன். இடது பக்கம் கீழ, கடைசிக் கடைவாய்ப் பல்லு முளைக்காம எலும்புக்குள்ளயே படுத்துக் கிடக்கு. அந்த இடத்துல எலும்பு மெலிசு. பலமா ஒண்ணு விழுந்தா தாடை ரெண்டாப் போயிடும். எடுத்துடலாம் எடுத்துடலாம்னு நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். எடுத்தா எலும்பு கூடறதுக்கு நாலஞ்சு மாசம் ரிங்குல ஏறக் கூடாது. 'அடுத்த பைட் முடியட்டும் டாக்டர்'னே ஓட்டிட்டான்.

இதை நான் என்ன பண்ணியிருக்கணும்? வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும். டாக்டர்ங்கறவன் அதுக்குத்தானே இருக்கான். நான் என்ன பண்ணினேன்? கண்ணாடிக் கடை நடுவுல நின்னு, தொண்டை கிழிய, 'இரும்பாவது கரும்பாவது, இடது தாடைல பல்லு படுத்துக் கிடக்குடா, பீரோ அங்க ஒண்ணு விட்டான்னா ஆள் ஸ்ட்ரால குடிக்க வேண்டியதுதான்'னு… கைதட்டாத குறை. மச்சினன் திரும்பி நின்னு லென்ஸைத் துடைக்க ஆரம்பிச்சுட்டான். ஜெயிச்சுட்டேன்னு ஒரு சந்தோஷம் பாருங்க, ஒரு நாள் முழுக்க இருந்துச்சு.

மூலைல ஒருத்தன் பிரேம் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துக்கிட்டிருந்தான். ஒரு வார்த்தை பேசலை. எதுவும் வாங்காமப் போயிட்டான். மறு வாரம் டீவில பீரோ பேட்டி. பக்கத்துல தோள்ல துண்டோட நிக்கறான் சார், அதே ஆளு! பீரோவுக்கு உடம்பு பிடிச்சு விடறவன். ரெண்டு வருஷமா மாட்டேன்ன பீரோ, சிரிச்சுக்கிட்டே 'கொசுவா? வரட்டும்'னான். சொல்லிட்டு, தன் இடது தாடையை ரெண்டு விரலால டொக் டொக்குனு தட்டிக் காட்டினான். ஊரே அதை ஏதோ ஸ்டைல்னு பேசிக்கிட்டிருக்கு. சின்னப் பசங்க தெருவுல தட்டிக் காட்டிக்கிட்டுத் திரியறாங்க. எனக்கு மட்டும்தான் தெரியும் அது என்னன்னு.

மீசை போனது எனக்குச் சரியான தண்டனைன்னு வெச்சுக்கங்க. ஆனா அந்தத் தாடை யாரோடது? நான் பேச்சுல ஜெயிக்கறதுக்கு இன்னொருத்தன் எலும்பைப் பந்தயம் கட்டிட்டேனே சார்.

புதுக் கவசம் செஞ்சு வெச்சிருக்கேன். பாருங்க, இந்த டப்பா. இடது பக்கம் மூணு அடுக்கு, கனமா. இதைக் கையில குடுத்து, 'வாழ்த்துகள் தம்பி'ன்னு சொல்லி அனுப்பிட்டா ஒரு பயலுக்கும் தெரியாது. ஆனா ரப்பர் என்ன பண்ணும்? எண்பது கிலோ ஆளு குறி வெச்சுக் குத்தினா ரப்பர் என்ன பண்ணும்?

என்ன கையைக் கையை ஆட்டறீங்க? மாவா? ஐயையோ, பத்து நிமிஷம் ஆயிடுச்சா! இருங்க, இறுகிப் போச்சு… நாற்காலியைப் பிடிச்சுக்கங்க… ஒண்ணு, ரெண்டு… வந்துடுச்சு! பல்லு எதுவும் கூட வரலை, பயப்படாதீங்க.

மன்னிச்சுக்கங்க சார். குமிழியெல்லாம் ஒண்ணும் இல்ல. மொதல் அச்சே அருமையா வந்துடுச்சு. உங்களை அனுப்பிட்டா அடுத்த ஆளைக் கூப்பிடணும். வெளில சாம்பல் கலர் ஜெர்சி, தொப்பியைக் கண்ணு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு ஒருத்தர் உக்காந்திருப்பார் பாருங்க. அவர்தான் கொசு.

சார், சார்! எங்க போறீங்க? வாயைக் கொப்புளிச்சுட்டாவது… கழுத்துல துண்டு சார்! அட, அதோடவே ஓடறாரே. மேவாய் பூரா மாவு.

போகட்டும். ஏம்மா… அடுத்தவரை வரச் சொல்லு.

வாங்க தம்பி. இல்ல, அதுல வேண்டாம். அந்த நாற்காலில இன்னிக்கு நான் உக்காந்துக்கறேன், நீங்க இந்த ஸ்டூல்ல உக்காருங்க. மீசையா? அது இதோட சேந்த கதைதான். கவசம் ரெடி. அதைக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும், நடுவுல எழுந்திரிக்காமக் கேளுங்க. உங்க கடைவாய்ப் பல்லு விஷயத்தை நான் என் மச்சினன் கடைல வாய் விட்டு உளறிட்டேன். பீரோவோட ஆள் ஒருத்தன் அங்க இருந்தான். டீவில பீரோ தாடையைத் தட்டிக் காட்டினான்ல, அது உங்க தாடை. நான் குடுத்தது. எங்க அடிக்கணும்னு தெரிஞ்சதாலதான் அவன் பைட்டுக்கே ஒத்துக்கிட்டான். தப்பு முழுக்க என்னோடது. நீங்க இந்தப் பைட்டுக்குப் போகாதீங்க தம்பி. போஸ்டர் ஒட்டியாச்சுன்னு தெரியும். ஊரு என்ன வேணா பேசும். வேணும்னா டாக்டர்தான் வேண்டாம்னாருன்னு என் பேரைச் சொல்லுங்க, அந்த மச்சினன் முன்னாடி வேணா நான் மொட்டையே அடிச்சுக்கறேன். திட்டறதா இருந்தா திட்டுங்க. கை வைக்கறதா இருந்தாலும் சரி, நான் தொண்ணூத்திரண்டு கிலோ, தாங்குவேன்.

தம்பி?

இப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா எப்படி? உங்க வாய்ல மாவு கூட இல்லியே. ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.

எதுக்கு எழுந்திரிக்கறீங்க? நானும் எழுந்திரிக்கவா? சரி, எழுந்துட்டேன். கண்ணாடியைக் கழட்டிடறேன், இருங்க, மச்சினன் கடைல வாங்கினது… என்ன? நாற்காலியா? நீங்க உக்காரணுமா? உக்காருங்க, உக்காருங்க. தொப்பியை இங்க குடுங்க. வாயைத் திறக்கறீங்க… விரலால காட்டறீங்க… அந்தப் பல்லா? எடுக்கவா? இப்பவேவா தம்பி?

சரி. சரி தம்பி. ஏம்மா, ஊசி எடும்மா. பெரிய விளக்கைப் போடு.

கொஞ்சம் அகலமா. மரத்துப் போற வரைக்கும் அப்படியே இருங்க. இனிமே நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், சத்தியமா. யார்கிட்டயும், எதைப் பத்தியும்.

…நாலு மாசம் ஓய்வு இருக்குல்ல தம்பி, அது முடிஞ்சதும் மொதல்ல அந்தத் தையல்காரனை… சரி சரி, முறைக்காதீங்க. முகமூடியைப் போட்டுக்கறேன்.