மூடியில் கட்டிய சிவப்புத் துணி

உங்கள் சட்டைக் காலரைப் பார்த்தேன் சார். தையல் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அது அழுக்கு இல்லை, பவுடர். உங்கள் வீட்டில் யாரோ கை நிறைய அள்ளிப் போடுகிறார்கள். நுரை பொங்கினால் துணி வெளுக்கும் என்று ஒரு நினைப்பு. நுரைக்கும் வெளுப்புக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு தொட்டித் துணிக்கு ஒரு மூடி பவுடர் தாராளம். அதையும் முதலில் தண்ணீரில் கரைத்துவிட்டுத்தான் துணியைப் போட வேண்டும். வீட்டில் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

வாக்குமூலம் எழுதுகிற தம்பி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எழுதுங்கள் தம்பி. இதுவும் விஷயத்துக்குள் வருவதுதான்.

நான் ஒரு நூல் மில்லில் முப்பத்தொரு வருஷம் மெயின்டனன்ஸ் ஃபோர்மேனாக இருந்தவன். காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை என் ஷிப்ட். அந்த முப்பத்தொரு வருஷத்தில் என் ஷிப்டில் ஒரு விபத்து கிடையாது. அடுத்த ஷிப்டில் நடந்திருக்கிறது, அதற்கடுத்த ஷிப்டிலும் நடந்திருக்கிறது. என் ஷிப்டில் ஒருத்தனுக்கு நகம் பெயர்ந்ததில்லை. காரணம் ஒரு முழம் சிவப்புத் துணி. பழுதான மெஷினின் கைப்பிடியில் அதைக் கட்டிவிடுவேன். துணி கட்டியிருந்தால் முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது. துணி இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போடலாம். கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும். மில்லில் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. "சிவப்புத்துணி வருது, சிகரெட்டை அணைடா" என்பார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை, பெருமைதான்.

ரிட்டயராகி, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு மகன் வீட்டுக்கு வந்தேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். ஒரு பேத்தி, அப்போது கைக்குழந்தை, இப்போது ஆறு வயது. பின்பக்கத்துப் பால்கனியில் ஒரு வாஷிங் மெஷின், இரட்டைத் தொட்டி, ஒன்றில் துவைத்து இன்னொன்றில் பிழிகிற வகை. நான் போனபோது அது இருந்த கோலத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கே கண்ணில் தண்ணீர் வந்திருக்கும். பஞ்சு வலையில் ஒரு விரல் கனத்துக்கு நூலும் முடியும். அடியில் ஹேர்பின், சட்டைப் பட்டன், பொம்மையின் ஒரு கை. பிழிகிற தொட்டி ஓடினால் மெஷின் தானாகவே பால்கனியில் நடக்கும். "ரொம்பப் பழசுப்பா, அப்படித்தான் ஆடும்" என்றான் மகன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். துணியைச் சமமாகப் பரப்பி, மேலே பிளாஸ்டிக் தட்டை வைத்து அழுத்திவிட்டு ஓட்டினேன். ஒரு இம்மி நகரவில்லை.

அன்றிலிருந்து ஆறு வருஷம் அந்த வீட்டுத் துணி என் பொறுப்பு. காலை ஆறு முதல் பத்து மணி வரை என் ஷிப்ட் என்று நானே வைத்துக்கொண்டேன். வெள்ளை தனி, சாயம் போவது தனி, பேத்தியின் சீருடை தனி. பைகளை வெளியே இழுத்துப் பார்ப்பேன். வேலை முடிந்ததும் வலையைக் கழற்றிக் கழுவி, தொட்டியைத் துடைத்து, மூடியைத் திறந்து வைப்பேன். மூடி வைத்தால் உள்ளே பூஞ்சை பிடித்து நாறும். மாதம் ஒருமுறை வெந்நீரில் எலுமிச்சை உப்பு போட்டு வெறும் தொட்டியை ஓட்டுவேன். ஏதாவது கோளாறு என்றால் மூடியின் கைப்பிடியில் சிவப்புத் துணி. மருமகள் முதலில் சிரித்தாள். அப்புறம் பழகிக்கொண்டாள். பேத்திக்குப் பேச்சு வந்ததும் கற்றுக்கொண்ட விதிகளில் அது ஒன்று: துணி இருந்தா தொடக் கூடாது, துணி இல்லேன்னா தொடலாம்.

மருமகளைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். "மாமா, சாப்பிட்டீங்களா மாமா" என்று கேட்காமல் அவள் வேலைக்குக் கிளம்பியதில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டிருப்பீர்கள். அவர்கள் சொன்னதெல்லாம் உண்மை.

மூன்று மாதத்துக்கு முன்னால் மகனின் வெள்ளைச் சட்டைகள் ஐந்தும் ரோஸ் நிறமாக வெளியே வந்தன. தொட்டியின் அடியில் என் சிவப்புத் துணி கிடந்தது. என் சட்டைப் பையோடு போயிருக்கும். நான் பையைப் பார்க்காமல் துணி போடுகிறவன் அல்ல, ஆனால் அன்றைக்குப் பார்க்கவில்லை. கை நடுக்கம் ஆரம்பித்த சமயம் அது. மகன் அந்தச் சட்டைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"யாரு போட்டது இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள் முந்திக்கொண்டாள்.

"நான்தாங்க. மாமா பிரிச்சு வெச்சிருந்தார், நான்தான் அவசரத்துல அள்ளிப் போட்டுட்டேன். விடுங்க, ரோஸ் கலர் உங்களுக்கு நல்லாத்தான் இருக்கும்."

மகன் சிரித்துவிட்டான். அவள் என் பக்கம் திரும்பி லேசாகத் தலையை ஆட்டினாள், கவலைப்படாதீங்க என்பது போல. முப்பத்தொரு வருஷம் என் தப்பை இன்னொருவர் தலையில் போட்டவன் இல்லை நான். அதை அவள் பிடுங்கித் தன் தலையில் போட்டுக்கொண்டாள், என்னை ஒரு வார்த்தை கேட்காமல். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அதன் பிறகுதான் புது மெஷின் பேச்சு வந்தது. முழு ஆட்டோமேட்டிக். "ஒரு பட்டனை அழுத்தினாப் போதும் மாமா, அதுவே துவைச்சு அதுவே பிழிஞ்சிடும். நீங்க நிம்மதியா ரெஸ்ட் எடுங்க." மில்லில் ரெஸ்ட் கொடுக்கப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் ஷிப்ட் சங்குக்காகக் காது கொடுத்து உட்கார்ந்திருப்பார்கள். சங்கு அவர்களுக்கு ஊதுவதில்லை. சரிம்மா என்றேன்.

போன வியாழக்கிழமை காலை மூடியைத் தொட்டதும் சுரீர் என்றது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பக்கம் பார்த்தேன். எலி வயரைக் கடித்திருந்தது. உள்ளே இருக்கிற செம்பு வெளியே தெரிந்தது, தகரத்தை ஒட்டிக்கொண்டு. என் காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் பிழைத்தேன். உடனே சிவப்புத் துணியைக் கட்டினேன். எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். என்ன பழுது என்று சொல்லவில்லை. பழுது என்று மட்டும் சொன்னேன். துணி கட்டியிருந்தால் அந்த வீட்டில் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

"திங்கக்கிழமை புதுசு வந்துடுமேப்பா. இதுக்குப் போய் எதுக்கு மெக்கானிக்?" என்றான் மகன்.

பத்து நிமிஷ வேலை. இன்சுலேஷன் டேப் என் டிராயரிலேயே இருந்தது. வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு வேலை செய்து பழக்கமில்லை எனக்கு. மெயின் போர்டும் பழசு, இப்போது வருவது போலக் கசிவு வந்தால் தானே அணைகிற சுவிட்ச் அதில் கிடையாது. அதை மாற்று என்று மகனிடம் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். நாளைக்கு நாளைக்கு என்றான். இப்போது நீங்கள் போர்டைக் கழற்றி எடுத்து வந்திருக்கிறீர்கள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூன்று நாள் துணி பால்கனியில் மலையாகக் குவிந்து கிடந்தது. ஆறு மணிக்கு எழுந்து வழக்கம் போலப் போனேன். செய்ய ஒன்றும் இல்லை. வலையைக் கழுவினேன், ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. மூடியைத் துடைத்தேன். ஒன்பதரை மணி இருக்கும், சமையலறையில் மருமகள் மகனிடம் பேசுவது கேட்டது.

"பழைய மெஷினை எடுத்துட்டா அந்த இடம் காலியாயிடும். புதுசை உள்ள வெச்சுக்கலாம். பால்கனியில மாமாவுக்கு ஒரு சாய்வு நாற்காலி போட்டுடலாங்க. நல்ல காத்து வரும். கடை திறந்ததும் போய் வாங்கிட்டு வந்துடுங்களேன்."

மகன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். நான் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தேன். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்னை வைக்கப் போகிறார்கள். துடைத்து, காற்றாட வைப்பார்கள். அதுவரை எனக்கு என்ன கோபம் என்று எனக்கே சரியாகத் தெரியாது. அப்போது தெரிந்தது.

பத்துக்குப் பத்து நிமிஷம் இருந்தபோது துணியை அவிழ்த்தேன். நான் கட்டியது, நானே அவிழ்த்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பிடுங்கிய பிளக்கைத் தொடவில்லை, வயரைத் தொடவில்லை. எல்லாம் வியாழக்கிழமை இருந்தபடியே இருந்தது. கை கழுவிக்கொண்டு கூடத்தில் வந்து நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தேன். கை நடுங்கவில்லை. பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நடுங்காமல் இருந்தது.

முதலில் போனது பேத்தி. பொம்மைச் சட்டை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு பால்கனிக் கதவு வரை போய்விட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது சார், உண்மையாகச் சொல்கிறேன்.

"கண்ணு, அங்க போகாத. இங்க வா. தாத்தா மடியில வந்து உக்காரு."

"துணி இல்லையே தாத்தா? அப்ப தொடலாமே?"

"துணி தாத்தா பையில இருக்கு. நீ வா."

வந்து உட்கார்ந்தாள். என் பையிலிருந்து துணியின் நுனியை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே திணித்தாள். அதைத்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அவள் பொய் சொல்ல மாட்டாள், நான் வளர்த்த குழந்தை. துணி எங்கேயோ காற்றில் விழுந்துவிட்டது என்று முதல் நாள் நான் சொன்னதுதான் பொய்.

பிறகு மருமகள் வந்தாள். இடுப்பில் வாளி, அதில் பேத்தியின் சீருடை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே வந்திருந்தாள், கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வெறுங்கால். பால்கனியை எட்டிப் பார்த்தாள். மூடியைப் பார்த்தாள்.

"மாமா, துணியைக் காணோமே. சரி பண்ணிட்டீங்களா?"

நான் பேப்பரில் ஒரு பக்கம் திருப்பினேன்.

"பாத்தியா குட்டி, உங்க தாத்தா கை பட்டா எதுவும் ஓடும். நாளைக்கு இதைக் கொடுக்கவே மனசு வரலை மாமா."

அதைக் கேட்டபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைக்க மாட்டேன். ஒரு வார்த்தை போதும் என்பதும் தெரியும். அவள் கதவருகில் நின்று இரண்டு மூச்சு நேரம் என் முகத்தைப் பார்த்தாள். மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். "நீங்க உக்காருங்க, இன்னிக்கு நான் போடறேன்" என்று சொல்லிவிட்டு பால்கனிக்குப் போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. தொட்டி நிரம்புவதற்கு இரண்டு நிமிஷம் ஆகும். அந்த இரண்டு நிமிஷமும் இருந்தது எனக்கு. பேத்திக்குப் பேப்பரில் இருந்த ஒரு யானைப் படத்தைக் காட்டினேன்.

பிளக்கைச் செருகிச் சுவிட்சைத் தட்டுகிற சத்தம் கேட்டது. வேறு பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. வாளி உருண்டது.

பேத்தியை இறக்கிவிட்டு, பேப்பரை மடித்து வைத்துவிட்டு, போய் மெயினை அணைத்தேன். விதிப்படி முதலில் மெயின், அப்புறம்தான் ஆளைத் தொட வேண்டும். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. முழங்கால். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், குழந்தை சொல்லியிருப்பாள். அரை மணி கழித்து மகன் படியேறி வந்தான், தோளில் சாய்வு நாற்காலி. கதவில் இடிக்காமல் பக்கவாட்டில் திருப்பிக் கவனமாக உள்ளே கொண்டுவந்தான்.

எனக்காக வாதாட நீங்கள் அனுப்பிய வக்கீல் ஒருவர் நேற்று என்னிடம், நீங்கள் ஒன்றுமே செய்யவில்லையே, ஒரு துணியைத்தானே எடுத்தீர்கள் என்றார். நல்ல மனிதர். அவருக்கு மில் தெரியாது. ஒருமுறை இரவு ஷிப்டுக்கும் எங்கள் ஷிப்டுக்கும் நடுவில் ஒரு ஃபிட்டர், கை துடைப்பதற்காக மெஷினிலிருந்து சிவப்புத் துணியை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான். நான் உள்ளே நுழைவதற்கு முன்பே ஒருத்தன் சுவிட்சைப் போட்டு நாலு விரல் போயிற்று. விசாரணையில் ஃபிட்டர் அழுதான். "நான் மெஷினைத் தொடவே இல்லீங்கய்யா, துணியைத்தான் எடுத்தேன்" என்றான். அறிக்கை எழுதியவன் நான். துணியை அவிழ்த்தவன்தான் விரலை வெட்டியவன் என்று எழுதினேன். அவன் வேலை போனது. பாவம், அவனுக்குத் தெரியாமல் நடந்தது.

எனக்குத் தெரிந்து நடந்தது. அவள் போவாள் என்று தெரியும், ஈரக் கையோடு போவாள் என்று தெரியும், துணி இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு தொடுவாள் என்றும் தெரியும். அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவனே நான்தானே. அவளைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் தம்பி, கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு திருத்தம். உங்கள் தாளில் காலை என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள், நேரத்தையும் போடுங்கள். வாளி உருண்டபோது நான் கடிகாரத்தைப் பார்த்தேன், பத்து மணி பன்னிரண்டு நிமிஷம். என் ஷிப்ட் பத்து மணிக்கே முடிந்துவிட்டது சார்.