அதுக்கு ஒண்ணுமே தெரியாதாம்

எழுபதுகளில் ஒரு காலை. ரயில் சிக்னல் கைகாட்டி விழாமல், மீஞ்சூருக்கு முன்னால் எங்கள் கும்மிடிப்பூண்டி வண்டி நின்றுபோனது. எனக்கும் வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. எதிரே ஒரே தொழிற்சாலை ஆட்கள் இருவர். காக்கிச் சட்டை ஃபிட்டர் நிமிஷத்துக்கு ஒருதரம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். மடியில் காகிதக் கட்டோடு இருந்தவர், ஆட்கள் வந்த நேரத்தைப் பதியும் டைம் ஆபீஸ் குமாஸ்தா.

"நம்ம கம்பெனிக்கு வரப்போற கம்ப்யூட்டருக்கு ஒண்ணுமே தெரியாதாம்பா. அதான் பயமா கீது" என்றார் குமாஸ்தா.

"தெரியாததுக்கு இன்னாண்ணே பயம்?"

"உன் ஊட்டு ரேடியோ பாடும், அவ்ளோதான். என் வேலைக்கு வருமா? கால்குலேட்டர் கூட்டிக் கழிக்கறதோட சரி. கம்ப்யூட்டருக்குன்னு தனியா ஒரு வேலை கெடையாது. எத்த எழுதிக் குடுக்கறமோ அத்த செய்யும். நான் அட்டெண்டன்ஸ் போடறத வரிசையா எழுதியாரச் சொல்லிக்கிறாங்க. நாளைக்கு ஸ்டோர்காரர எழுதச் சொல்லுவாங்க. அதே பொட்டி அதையும் செய்யும்."

"எல்லாத்தையும் எழுதிட்டியா?"

"பத்து பக்கம்."

ஃபிட்டர் தலையை உள்ளே இழுத்தார். "வண்டி லேட்டாச்சுன்னா எங்களுக்கு லேட் போடாம வுடுவியே, அது?"

"அத எப்டிப்பா எழுதறது? மேனேஜர் பாத்தா என் சீட்டு கிழிஞ்சிடும்."

"எழுதலன்னா?"

"அதுக்குத் தெரியாது."

ஃபிட்டர் எழுந்து வாசல் வரை போய்ப் பார்த்தார். கைகாட்டி இன்னும் விழவில்லை.